செட்டுக்குப் பட்டா

ஒலிபெருக்கி வைக்க வேண்டுமென்றால் போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி வாங்க வேண்டும் என்பது சட்டம். சங்கரன்கோவிலில் ‘ராஜகுமாரி மைக் செட்’ நடத்தும் இசக்கித்துரை சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். தெருவே காதைப் பொத்திக்கொண்டு ஓடும்படி பாட்டுப் போட்டாலும், அனுமதி வாங்கிவிட்டுத்தான் போடுவார். ராஜகுமாரி என்பது அவருடைய மனைவியின் பெயர். “ஊர்ல உள்ள இரைச்சலுக்கெல்லாம் என் பேரா?” என்று அவள் கல்யாணம் ஆன புதிதில் கேட்டாள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்த வருஷமும் குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம் ஆவுடையாபுரத்தில் முப்பிடாதி அம்மன் கோயில் கொடை விழா வந்தது. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோயில் வேப்பமரத்தில் இந்த வருஷம் யாருடைய ஒலிபெருக்கிக் குழாய் ஏறுகிறதோ, அடுத்த வருஷமும் அவருடைய குழாய்தான் ஏறும். ஒரு கொடைக்கு ஏறாமல் போனால் போனதுதான். அந்த மரம் புது ஆளுக்கு என்று ஆகிவிடும். இசக்கித்துரையின் அப்பா தோளில் குழாயைச் சுமந்துகொண்டு நடந்தே போய்ப் பிடித்த மரம் அது. வேறு எத்தனையோ கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் வரும், போகும். அந்த மரம் போய்விட்டால் தான் மைக் செட்காரனே இல்லை என்பது இசக்கித்துரையின் எண்ணம்.

ஆகவே மனுவை எழுதி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். ரைட்டர் தெரிந்தவர்தான். மனுவைப் படித்துவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அண்ணாச்சி, ‘மைக்’கு சரி. ‘செட்’டு சிக்கல்ல கிடக்கு.”

“என்ன சிக்கல்?”

“அந்தச் சொல்லு விசாரணையில இருக்கு. யாருதுன்னு முடிவாகலை. முடிவாகாத சொல்லுக்கு நான் அனுமதி குடுத்தா நாளைக்கு என் சட்டையைல்லா பிடிப்பாவ?”

“அப்ப ஒலிபெருக்கின்னு மாத்தி எழுதித் தாரேன்.”

“போர்டுல செட்டு, மனுவுல பெருக்கியா? ஆள் மாறாட்டம் ஆயிரும். பேசாம மாடிக்குப் போயி, சொல் உங்களுதுன்னு ஒரு சான்று வாங்கிட்டு வாங்க.”

மாடி என்றது பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடி. அங்கேதான் சமீபத்தில் ‘சொல் நிர்ணயத் தனி அலுவலகம்’ திறக்கப்பட்டிருந்தது. அது ஏன் திறக்கப்பட்டது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. எங்கோ ஒரு விவசாயி தன் கிணற்றுக்குக் கரண்டு வேண்டி, ‘எனக்கு ஒரு சர்வீஸ் தர வேண்டும்’ என்று மனுக் கொடுத்திருக்கிறார். அது மின்சாரத்துக்குப் போகாமல் போக்குவரத்துக்குப் போனது. பேருந்து விட வழியில்லை என்று அவர்கள் பணியாளர் பிரிவுக்குத் தள்ளினார்கள். பணியாளர் பிரிவில் அவருக்கு எத்தனை வருஷ சர்வீஸ் என்று கணக்குப் பார்த்து, ஓய்வூதியத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசிவரை கிணற்றுக்குக் கரண்டு வரவில்லை. பணி ஓய்வு பெற்றதற்கு ஒரு வாழ்த்து மடல் வந்தது.

மேலிடம் இதை மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தது. மூன்று அலுவலகத்தில் ஒருவர்கூட மனுவை முழுசாகப் படிக்கவில்லை என்று சாமானியர்கள் நினைப்பார்கள். மேலிடம் அப்படி அவசரப்பட்டு முடிவுக்கு வராது. ‘பொதுமக்கள் ஒரே ஆங்கிலச் சொல்லைப் பல துறைகளில் பல பொருள்களில் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்தி வருவதே நிர்வாகத் தாமதத்துக்கு மூலகாரணம்’ என்று அது கண்டறிந்தது. இனி ஒரு சொல்லுக்கு ஓர் உரிமையாளர், ஒரு பொருள். ஒவ்வொரு வட்டாரமும் ஒரு சொல்லை எடுத்து ஒழுங்குபடுத்த வேண்டும். சங்கரன்கோவிலுக்கு ‘செட்’ ஒதுக்கப்பட்டது.

இந்தக் காலத்து வழக்கப்படி திட்டத்துக்கு ஒரு சின்னம், ஒரு பாட்டு, ஊதா நிறத்தில் ஒரு பனியன் எல்லாம் வந்தன. மாடிப்படி ஏறியதும் அட்டையில் வெட்டிய ஒரு பெரிய படச் சட்டம் நின்றது. ‘நானும் ஒரு சொல்’ என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே தலையை நுழைத்து செல்ஃபி எடுத்து அனுப்பினால்தான் டோக்கன் கொடுப்பார்கள். இசக்கித்துரை தலையை நுழைத்தார். இத்தனை வயதுக்குப் பிறகு தான் ஒரு சொல் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அலுவலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் தனி வட்டாட்சியர் சங்கரசுப்பிரமணியன். நேர்மையானவர், கோபப்படாதவர், வந்தவரை உட்காரச் சொல்லுகிறவர். அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. நில அளவை, பட்டா, வாரிசு, ஆக்கிரமிப்பு என்றே சர்வீஸ் முழுவதையும் கழித்தவர். ஒரு சொல்லை ஒழுங்குபடுத்துவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர் யோசித்துப் பார்த்தார். ஒன்று இருக்கிறது. பல பேர் அதை அனுபவித்து வருகிறார்கள். எல்லை எது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆளாளுக்கு எனது என்கிறார்கள். யாரிடமும் பத்திரம் இல்லை. அப்படியானால் அது நிலம்தான், வேறென்னவாக இருக்க முடியும்? இப்படி முடிவு செய்த பிறகு அவருக்கு வேலை சுலபமாகிவிட்டது.

“உக்காரும் வே,” என்றார். “சொல்லு உம்ம அனுபோகத்துல எவ்வளவு காலமா இருக்கு?”

“எந்தச் சொல்லு சார்?”

“செட்டு.”

“எங்க அப்பா காலத்துல இருந்து இருக்கு.”

“பூர்வீகம். தீர்வை கட்டியிருக்கீரா?”

“சொல்லுக்கா?”

“கட்டலை,” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். “சரி, நாலு எல்லையைச் சொல்லும். உம்ம செட்டுக்குக் கிழக்கே என்ன?”

“கடைக்குக் கிழக்கேயா? சண்முகையா அண்ணன் ஓட்டல்.”

“அங்க செட்டு உண்டா?”

“செட் தோசை உண்டு. பூரியும் செட்டாத்தான் குடுப்பாரு.”

“கிழக்கெல்லை தோசை. மேற்கே?”

“மேற்கே போனா ராயகிரி வரைக்கும் பம்ப் செட்டுதான் சார்.”

“ரொம்ப நல்லது. வடக்கே?”

“வடக்கே பள்ளிக்கூடம். அங்கன பிள்ளைகளுக்குக் கணக்குல செட்டுன்னு ஒரு பாடம் நடத்துதாவ.”

“தெற்கே?”

“தெக்கே டீக்கடை. காலேஜ் பயலுவ நாலு பேரு எப்பப் பாத்தாலும் அங்கன நிக்கானுவ. எங்க செட்டு, எங்க செட்டுன்னு அவனுவளும் சொல்லிக்கிடுதானுவ.”

வட்டாட்சியர் பேனாவை நிறுத்தினார். அவர் முகத்தில் ஒரு வருத்தம் தெரிந்தது. “அது ஆக்கிரமிப்பு,” என்றார்.

பிறகு, வெள்ளிக்கிழமை விசாரணை வைத்திருப்பதாகவும், மற்றவர்களுக்கும் நோட்டீஸ் போகும் என்றும், எல்லாரும் ஒத்துப்போனால் அன்றைக்கே முடித்துத் தருவதாகவும் சொன்னார். கொடை அடுத்த செவ்வாய்க்கிழமைதான். இசக்கித்துரை நிம்மதியாகப் படியிறங்கினார்.

வெள்ளிக்கிழமை ராஜகுமாரியும் கூட வந்தாள். “ஏன் நீ?” என்று கேட்டதற்கு, “போர்டுல என் பேரும்தான இருக்கு,” என்றாள். உண்மையான காரணம் அது இல்லை. புருஷனை அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தைக்காக ஒரு வேலையைக் கெடுத்துக்கொள்ளக் கூடிய மனுஷன் அவர். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்: “எதையும் பேசாதீங்க. காட்டுன இடத்துல கையெழுத்தைப் போட்டுட்டு வந்திருங்க.”

மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. முதலில் ராயகிரி வேல்சாமியைக் கூப்பிட்டார்கள். எலுமிச்சைத் தோட்டமும் அதில் ஒரு பம்ப் செட்டும் வைத்திருக்கும் சம்சாரி அவர். தோட்டத்தில் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

“உமக்கு இந்தச் சொல்லு எதுக்குத் தேவைப்படுது?” என்று வட்டாட்சியர் கேட்டார்.

“எனக்கு ஒண்ணுக்கும் தேவைப்படலைங்க. நான் மோட்டார்னுதான் சொல்லுவேன்.”

“அப்ப உரிமையை விட்டுக்குடுத்திருதீரா?”

“அது எப்படி?” என்று வேல்சாமி நிமிர்ந்தார். “எனக்குத் தேவையில்லைன்னுதான சொன்னேன். அடுத்தவனுக்குப் போகட்டும்னு சொன்னேனா?”

வட்டாட்சியரின் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் கழித்துப் பழக்கப்பட்ட ஒரு குரலைக் கேட்கிறார். இது நிலமேதான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

அடுத்து ஓட்டல் சண்முகையா. அவர் சாந்தமான மனிதர்.

“உம்ம செட்டோட விஸ்தீரணம் என்ன?” என்று கேட்டார் வட்டாட்சியர்.

“தோசைன்னா மூணு. பூரின்னா ரெண்டு.”

“ஒரே சொல்லு, ரெண்டு அளவா?”

“கூட்டம் ஜாஸ்தியா இருந்தா தோசையும் ரெண்டுதான் சார்.”

‘பரப்பளவு கூட்டத்துக்குத் தகுந்தாற்போல் சுருங்கும் தன்மையது’ என்று பதிவாயிற்று.

பிறகு கணக்கு டீச்சர் ஹஸ்னா பானு எழுந்தார். அந்தக் கூடத்திலேயே நியாயத்தை மட்டும் பேச வந்தவர் அவர்தான். “சார், இது யாருக்கும் சொந்தமான சொல் இல்லை. ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு அர்த்தம். கேக்குறவங்களுக்கு அது தானாப் புரியும். தோசைக்கடையில போயி யாராவது மோட்டார் கேக்காங்களா? கணக்குல நாங்க செட்டை ‘கணம்’னு சொல்லுதோம்.”

“உங்க கணத்துல என்ன இருக்கும்?”

“என்ன வேணும்னாலும் இருக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். அதுக்கு வெற்றுக்கணம்னு பேரு.”

“தரிசு,” என்று வட்டாட்சியர் எழுதிக்கொண்டார்.

“சார், தரிசு இல்லை. ஒரு கணத்துக்குள்ள சின்னதா இன்னொரு கணம் இருக்கும், அது உட்கணம்...”

“உட்பிரிவு!” வட்டாட்சியர் மேஜையைத் தட்டினார். “டீச்சர், இதைத்தான் நானும் சொல்லுதேன். உங்களுக்கு உட்பிரிவே போட்டுத் தந்திருவோம்.”

ஹஸ்னா பானு வாயைத் திறந்தார். தனி உட்பிரிவு, அதுவும் பள்ளிக்கூடத்தில் வேறு எந்தப் பாடத்துக்கும் கிடைக்காத ஒன்று என்பது அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எல்லாரையும் கேட்டு முடித்த பிறகு வட்டாட்சியர் தீர்ப்பைச் சொன்னார். அது நல்ல தீர்ப்பு. இப்படிப்பட்ட திட்டத்தில் அதைவிட நல்லதாக ஒன்று வர முடியாது. “எல்லாருக்கும் சேத்து ஒரு கூட்டுப் பட்டா. யாரு வேணும்னாலும் செட்டுன்னு சொல்லிக்கிடலாம். ஆட்சேபணை இல்லைன்னா இப்பவே கையெழுத்து. ஆட்சேபணை வந்தா அளவை வைக்கணும். அது செவ்வாய்க்கிழமைக்குத்தான் முடியும்.”

ராஜகுமாரி கண்ணை மூடி அம்மனைக் கும்பிட்டுக்கொண்டாள்.

கிழக்கெல்லையில் தொடங்குவது முறை என்பதால், வட்டாட்சியர் அந்த வரிசையில் பெயர்களை வாசித்தார். “சண்முகையா. வேல்சாமி. ஹஸ்னா பானு. நடுவுல உள்ளது கடைசி... இசக்கித்துரை.”

இசக்கித்துரை எழுந்து நின்றார்.

“என்னது, கடைசியா?”

“பேசாம இருங்க,” என்று ராஜகுமாரி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“இரு, நான் ஒண்ணு கேக்கேன். பூரிக்குப் பின்னாலயா என் பேரு? எங்க அப்பா இந்த ஊர்ல செட்டுக் கட்டும்போது இவரு ஓட்டல்ல அடுப்பே கிடையாது.”

சண்முகையா பெருந்தன்மையாகச் சிரித்தார். “வே, உம்ம பேரை முதல்ல போட்டுக்கிடும். எனக்கு எங்க இருந்தா என்ன?”

அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது. சண்டைக்கு வந்திருந்தால் இசக்கித்துரை சமாதானமாகிப் போயிருப்பார். விட்டுக்கொடுத்தால் அவரால் தாங்க முடியாது. “நீரு போடுத பிச்சையா எனக்கு முதல் பேரு? எனக்குத் தனிப் பட்டா வேணும் சார். நான் ஆட்சேபணை சொல்லுதேன்!”

“ஏங்க, செவ்வாய்க்கிழமை கொடை!”

“மானம் பெருசா, கொடை பெருசா?”

“கொடைதாங்க பெருசு,” என்றாள் ராஜகுமாரி. அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

அதற்குள் வேல்சாமி எழுந்துவிட்டார். மைக் செட்டுக்குத் தனிப் பட்டா என்றால் பம்ப் செட்டுக்கும் தனிப் பட்டா வேண்டும் என்றார். டீச்சர், தன் உட்பிரிவு தோசைக்கு அடுத்தாற்போல் வரக்கூடாது என்று எழுதியே கொடுத்தார். கூட்டுப் பட்டா கலைந்துபோயிற்று. வட்டாட்சியர் எல்லா ஆட்சேபணைகளையும் அன்போடு வாங்கி அடுக்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அளவை தொடங்கியது. சர்வேயர் ஒருவர் ஊதாப் பனியனோடு சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதலில் சண்முகையா ஓட்டலுக்குப் போய் ஒரு செட் தோசையை அளக்க உட்கார்ந்தார். சூடாக இருந்ததால் ஆறும்வரை காத்திருந்தார். ஆறிய பிறகு அளந்ததில் ஓரம் மடங்கி அளவு குறைந்துவிட்டது என்று சண்முகையா ஆட்சேபித்து, வேறு செட் போடச் சொன்னார். அளந்ததைச் சாப்பிடாமல் எப்படி விட்டுவிடுவது என்று சர்வேயர் கேட்டார். இரண்டு பேருடைய வாதத்திலும் நியாயம் இருந்தது. இதற்கே வெயில் ஏறிவிட்டது.

ஆவுடையாபுரத்திலிருந்து விழாக் கமிட்டித் தலைவர் மகாராஜா போன் செய்துகொண்டே இருந்தார். “அண்ணாச்சி, நேத்து ராத்திரி அம்மனைக் குடியழைச்சதே பாட்டு இல்லாம நடந்துச்சு. ஆளுக கேக்காங்க.”

“இதோ கிளம்பிட்டேன் மக்கா. மத்தியானத்துக்குள்ள வாரேன்.”

சர்வேயர் இசக்கித்துரையின் கடைக்கு வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. ஏணி போட்டு ஏறி, போர்டில் ‘செட்’ என்ற சொல்லை மட்டும் நீளம், உயரம் எடுத்தார். எடுத்துவிட்டு அங்கேயே நின்று தலையைச் சொறிந்தார். போர்டு எழுதின பெயிண்டர் ஆர்வத்தில் கடைசி எழுத்தை இழுத்த இழுப்பில், அதன் வால் சண்முகையாவின் சுவருக்குள் கொஞ்சம் நுழைந்திருந்தது.

“வாலு ஆக்கிரமிப்புல நிக்கே.”

சண்முகையாவைக் கூப்பிட்டார்கள். அவர் மறுபடியும் சிரித்துக்கொண்டே, “இருந்துட்டுப் போட்டும்,” என்றார். இந்தத் தடவை இசக்கித்துரை பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் தயவை வாங்கிக்கொண்டார்.

பட்டா கைக்கு வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. வட்டாட்சியர் நேரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்து எழுதி, எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்தார். அதை வாங்கும்போது இசக்கித்துரைக்கு மயிர்க்கூச்செறிந்தது. தகப்பனார் தேடி வைக்காத சொத்து அல்லவா! ஸ்டேஷனில் ரைட்டர் பட்டாவைப் பார்த்ததும் அனுமதியில் முத்திரை குத்தினார். சாமான்கள் காலையிலிருந்தே குட்டியானை வண்டியில் ஏறித் தயாராக இருந்தன. வண்டி கரிசல் காட்டு ரோட்டில் பறந்தது.

ஆவுடையாபுரத்துக்குத் திரும்பும் வளைவிலேயே பாட்டுச் சத்தம் கேட்டது. துல்லியமான சத்தம். ‘நம்ம ஆம்பிளிஃபயரை யாரு அதுக்குள்ள போட்டா?’ என்று ஒரு கணம் அவர் குழம்பினார். பிறகுதான் தன்னுடைய ஆம்பிளிஃபயர் தன் முதுகுக்குப் பின்னால் வண்டியில் இருப்பது நினைவுக்கு வந்தது.

வேப்பமரத்தில் வேறு குழாய் ஏறியிருந்தது. கீழே கோவில்பட்டியிலிருந்து வந்த ஒரு ஆள் சின்ன மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய பேனரில் ‘சவுண்ட்ஸ்’ என்று மட்டும்தான் இருந்தது. செட் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லாததால் அவருக்கு யாரும் ஒரு தடையும் சொல்லவில்லை. மத்தியானத்துக்கு மேல் கூப்பிட்டார்கள், சாயங்காலத்துக்குள் வந்து கட்டிவிட்டார்.

மகாராஜா வந்து இசக்கித்துரையின் தோளைத் தொட்டார். “அண்ணாச்சி, வருத்தப்படாதீய. எவ்வளவு நேரம் பொறுத்துப் பாத்தோம்.”

“அனுமதி இருக்கு மக்கா. பட்டாவும் இருக்கு. இங்க பாரு.”

மகாராஜா பட்டாவை வாங்கி வேப்பமரத்து விளக்கு வெளிச்சத்தில் மரியாதையாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “நல்லா இருக்கு. ஆனா அம்மனுக்குப் பாட்டுல்லா கேக்கு?”

இசக்கித்துரைக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை கூட்டத்துக்கு நடுவில் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அப்பா ஏறின மரம். இனி அடுத்த வருஷமும் இல்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை. ராஜகுமாரிக்குச் சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “வாங்க, போவோம்,” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது. இதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். நேரே மாடிக்குப் போனார். “என் மரம் போச்சு சார். யாரு மிஸ்டேக்கு இது? எனக்குத் தெரிஞ்சாகணும்.”

சங்கரசுப்பிரமணியன் உண்மையாகவே வருத்தப்பட்டார். “நியாயமான கேள்வி வே. ஆனா ‘மிஸ்டேக்’கும் ஒரு ஆங்கிலச் சொல்லுதான. உரிமையாளர் யாருன்னு முடிவாகாத சொல்லை வச்சு நான் எப்படி உம்ம மனுவை எடுக்க? ஞாயித்துக்கிழமை முகாம்ல அந்தச் சொல்லும் வருது. வந்து உக்காரும். அன்னைக்கே முடிவு பண்ணிருவோம்.”

முகாம் என்ன என்றால், எல்லா வட்டாரங்களிலும் சங்கரன்கோவில் ஒன்றுதான் தன் சொல்லை உரிய காலத்தில் முடித்திருந்தது. மேலிடம் மகிழ்ந்துபோய், பாராட்டுப் பத்திரத்தோடு மற்ற ஊர்க்காரர்களின் சொற்களையும் சேர்த்து அனுப்பிவிட்டது. வேலை செய்கிறவனுக்கு மேலிடம் எப்போதும் கொடுக்கிற பரிசு அது. சொல்லுக்கு ஒரு நாள் என்று உட்கார்ந்தால் ஆகாது என்பதால், ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து ஒரே நாளில் எல்லாவற்றையும் பொதுவில் கூப்பிட்டு முடிப்பது என்று ஏற்பாடு.

கூட்டம் வராது என்று நினைத்தவர்கள் சங்கரன்கோவிலை அறியாதவர்கள். சண்முகையா தன் பட்டாவைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தார். வேல்சாமி பம்ப் ரூம் கதவில் நகல் ஒட்டியிருந்தார். ஹஸ்னா பானு வகுப்பில் செட் என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள் என்று கேள்வி. பட்டா இல்லாதவர்களுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் மண்டபம் நிறைந்துவிட்டது.

‘பாயிண்ட்’ என்று கூப்பிட்டார்கள். ஆழ்துளைக்கு நீரோட்டம் பார்க்கிறவர் கையில் தேங்காயோடு எழுந்தார். முச்சந்தியில் நிற்கும் போலீஸ்காரர் எழுந்தார். பட்டிமன்றப் பேச்சாளர் எழுந்து, தனக்கே மூன்று இருக்கிறது என்றார். ‘லைன்’ வந்தபோது கம்பத்தில் ஏறுகிறவர்களும் ரயில் பாதைக்காரர்களும் அடித்துக்கொண்டார்கள். ரேஷன் கடை வாசலில் நிற்கிறவர்கள் தாங்கள்தான் வெயிலில் காய்கிறவர்கள் என்று வாதாடி ஜெயித்தார்கள். ‘டென்ஷன்’ வந்தபோது மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒருவரும் இல்லை.

உச்சிப்பொழுதுக்கு அந்தச் சொல் வந்தது. இசக்கித்துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ராஜகுமாரி.

“மிஸ்டேக்!” என்று அலுவலக உதவியாளர் உரக்கக் கூப்பிட்டார். “மிஸ்டேக் யாருது?”

அத்தனை நேரம் மீன் கடையாக இருந்த மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

“மிஸ்டேக்! உரிமையாளர் யாராவது இருந்தா முன்னால வரலாம்!”

ரைட்டர் வட்டாட்சியரைப் பார்த்தார். வட்டாட்சியர் மேலிடத்து உத்தரவைப் பார்த்தார். மேலிடத்திலிருந்து பார்வையிட வந்திருந்தவர் பொதுமக்களைப் பார்த்தார். டீச்சர் வேல்சாமியைப் பார்த்தார், வேல்சாமி சர்வேயரைப் பார்த்தார். இசக்கித்துரை சண்முகையாவை முறைத்தார். சண்முகையாவுக்கு அன்றைக்கு முதன்முறையாகச் சிரிப்பு வரவில்லை.

ராஜகுமாரி முழங்கையால் மெல்ல இடித்தாள். “ஏங்க, கூப்பிடுதாவ. எந்திரிங்க.”

“சும்மா இரு,” என்றார் இசக்கித்துரை பல்லிடுக்கில். “வேற யாரையோ கூப்பிடுதாவ.”

மூன்றாவது தடவையும் கூப்பிட்டாயிற்று. ஆள் இல்லை. ‘வட்டாரத்தில் இச்சொல்லை அனுபவித்து வருபவர் எவருமில்லை’ என்று வட்டாட்சியர் எழுதி, புறம்போக்கு என்று முடித்து, இசக்கித்துரையின் மனுவை அதோடு சேர்த்துக் கட்டி வைத்தார். மண்டபம் முழுவதும் மூச்சு விட்டது. யாரோ சோடா வாங்கிக்கொடுத்தார்கள்.

உதவியாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த சொல்லைக் கூப்பிட்டார்.

“கரெக்ட்!”

நாற்காலிகள் சரிந்தன. மேடையின் கைப்பிடி முறிந்தது. மேலிடத்துக்காரர், வட்டாட்சியர், ரைட்டர் உட்பட எல்லாரும் ஒரே நேரத்தில் எனது என்று கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தார்கள். அந்த நெரிசலில் மைக்கை முதலில் பிடித்தவர் இசக்கித்துரை.